ரசீது எண் 61

மூன்றே காலுக்கு ரசல்ராஜ் போன்.
சூரத்திலிருந்து ரெண்டு பஸ் ஆள் இறங்கியிருக்கு,
அஞ்சு மணிக்கு எல்லாரும் குளிச்சுச் சூரியன் பாக்கப் போணும்,
கேஸ் ஹீட்டர் பத்துது, அணையுது, பத்துது, அணையுது.
'பெல்சி அக்கா, எங்க நிக்கிய?'
கட்டிலில் என்று சொல்லவில்லை.

கொட்டாரம் தாண்டும்போதே ஹெல்மெட்டுக்குள் உப்பு.
கன்னியாகுமரியில் எந்தத் திருகாணியும்
போட்ட மாதிரி கழன்று வந்ததில்லை எனக்கு.

மொட்டைமாடி அறை, நாலுக்கு ஆறு.
குழாயைத் திறந்தேன்.
டிக் டிக் டிக்.
நீலமாய் ஒரு வரிசை பூத்தது.
ஏழு எண்ணினேன், போயிற்று.
மறுபடி. அதே ஏழு.

ஏழு என்றால் எனக்குத் தெரியும்.
தீயின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் சென்சார் கம்பி
சுட்டும் நம்பாமல் நிற்கிறது.
தீ உண்டு என்று அது சொன்னால்தான் வால்வு திறந்திருக்கும்.
கழற்றிப் பார்த்தேன்.
கருவாட்டுத் தோல் மாதிரி வெள்ளைப் பொருக்கு.
நைஸ் எமரித் தாளில் நாலு இழுப்பு.

'அந்தக் கம்பிய ஷார்ட் பண்ணி விடுங்க அக்கா,
மார்த்தாண்டத்துல ஒருத்தன் அப்படித்தான் செய்யான்.'
அந்த ஒருத்தனைத் தெரியும்.
அவன் செய்துகொடுத்த வீட்டையும் தெரியும்,
இப்போது பூட்டிக் கிடக்கிறது.
காதில் விழாத மாதிரி மாட்டினேன்.

பத்தியது. ஏழு தாண்டியது, அறுபது தாண்டியது.
ரசல்ராஜ் கீழே ஓடினான் சொல்ல.
காற்று கதவை அறைந்து சாத்தியது.
நாலாவது நிமிடம்
நீலத்தின் நுனி மஞ்சளாகி,
குறுகி,
அணைந்தது.

கதவைத் திறந்துவைத்துப் பத்தவைத்தேன், எரிந்தது.
சாத்தினேன், நாலு நிமிடம்.
திறந்தேன், எரிந்துகொண்டே இருந்தது.
அப்புறம்தான் மேலே பார்த்தேன்.
காற்றுப்போக்கியில் அரிசிச் சாக்கு,
சுருட்டி, இடுக்கு விடாமல், அக்கறையாய்.
ஹீட்டருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய்,
தலைமாட்டில் தைலக் குப்பி.

வாசலில் நின்றார் ராக்காவல் தாணுலிங்கம்.
'கடக்காத்து முதுகுல கேறுது பிள்ளே.
இதுக்க சூட்டுல கெடந்தாதான் ஒறக்கம்.'
'எத்தன நாளா?'
'கார்த்திக பாதியிலேருந்து.'
'தல வலிக்குமா?'
'வெளுக்கும்போது கொஞ்சம். தைலம் போட்டா செரியாவும்.'

மூன்று வாரமாய்
அவருக்கு முன்னால் மூச்சுமுட்டி
அவருக்கு முன்னால் செத்து
பழுது என்று பேர் வாங்கியிருக்கிறது இந்தப் பெட்டி.

சாக்கை உருவினேன். கடல் உள்ளே வந்தது.

'என்ன மாத்துனிய?'
ஒன்றும் மாற்றவில்லை.
'ஒண்ணும் மாத்தாம நானூறா?'
எழுதினேன்: சென்சார் துடைத்தது, 100.
அடுத்த வரியில் பேனா கொஞ்சம் நின்றது.
காற்று, 300.
அதற்குக் கீழே, தாள் கிழிய அழுத்தி:
இந்த அறையில் ஆள் படுக்கக் கூடாது.

இறங்கும்போது 204-இல் வாளி நிறையும் சத்தம்,
யாரோ குஜராத்தியில் பாடிக்கொண்டிருந்தார்.
எனக்கு முன்னால் தாணுலிங்கம்
பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு
ஒவ்வொரு மாடியிலும் நின்று
மூலைகளைப் பார்த்துப் பார்த்து
இறங்கினார்.