கையிருப்பு: ஒன்று

ஓர் அட்டைப்பெட்டிக்குள் ஆறு பொம்மைகள்.
நான்கு பொன்முடி. ஒன்று செம்முடி.
மிச்சமுள்ள ஒன்றுக்குள்தான்
மீதி உலகத்தை அடைத்து அனுப்புவார்கள்:
ஒரு மாதம் சுருள்முடி, கரிய நிறம்.
ஒரு மாதம் செயற்கைக் கால்.
ஒரு மாதம் காதுக்குப் பின்னால்
அரிசி அளவில் கேட்புக் கருவி.

டோலிடோவில், ரயில்பாதை ஓரத்துக் கடையில்
பதினொன்றாம் வரிசை என் பொறுப்பு.
விடியற்காலை நாலு மணிக்குக் கத்தியால் நாடாவைக் கிழித்து
ஆறையும் கொக்கியில் மாட்டுவேன்.
எட்டுக்குக் கதவு திறந்தால்
அந்த ஆறாவது பத்தரைக்குள் போய்விடும்.
பொன்முடிகள் மாதம் முழுக்கச் சாவகாசமாக
ஒவ்வொருத்தியாய்.

மாதக் கடைசியில் கணினி கூட்டிப் பார்க்கும்:
பொன்முடி விற்றது நான்கு, அது விற்றது ஒன்று.
ஆகவே அடுத்த பெட்டியிலும் நாலுக்கு ஒன்று.
பிழையில்லாத கணக்கு.
பதினொரு மணிக்கு வந்து
கொக்கியைப் பார்த்து, பக்கத்துக் கொக்கியையும் பார்த்து,
பிள்ளையைத் தள்ளுவண்டியில் திருப்பி உட்கார வைத்து
பால் வாங்கப் போனவர்களுக்கு மட்டும்
அதில் கட்டம் இல்லை.

காலிக் கொக்கி கண்ணை உறுத்துமாம்.
"இடைவெளி விடாதே ஷார்லின்,
பக்கத்தில் இருப்பதை இழுத்துப் பரப்பு" என்பார் மேலாளர் விட்மர்.
பரப்பினேன்.
இல்லை என்பதும் இல்லாமல் போயிற்று.

லமான்ட் பேருந்து ஓட்டுகிறவர்.
காலைச் சவாரி முடிந்து வருவார், சீருடையோடு.
முதல் தடவை, தங்கை மகளுக்கு என்றார்.
உடம்பில் வெண்திட்டு இருக்குமே, அந்தப் பொம்மை.
கேட்கும்போது கைகள் கோட்டுப் பைக்குள் இருந்தன.
இரண்டாம் தடவை, பிள்ளைக்கு என்ன வயது என்றேன்.
கூரையைப் பார்த்தார்.
மூன்றாம் தடவை
"எனக்குத் தங்கையே கிடையாது" என்று
இரண்டு கைகளையும் வெளியே எடுத்து
என் வண்டியின் விளிம்பில் வைத்தார்,
சில்லறையை எண்ணி வைப்பதுபோல.

மார்ச்சில் வந்தது ஒன்று.
நான் மாட்டவில்லை.
இஸ்திரிப் பலகைகளுக்குப் பின்னால்,
முகம் சுவர்ப் பக்கமாக.
வியாழக்கிழமை வருவார்.
வியாழன் வந்தது. அடுத்த வியாழனும்.
அவருக்குத் தடம் மாற்றியிருந்தார்கள்,
எனக்கு அது தெரியாது.

ஏப்ரலில் வரவில்லை அந்த வகை. மே மாதமும் இல்லை.
கைக்கருவியை வைத்துப் பார்த்தேன்.
கையிருப்பு: ஒன்று.
கடையில் ஒன்று கிடக்கிறது, வாங்க ஆளில்லை,
இன்னொன்று எதற்கு?
நான் ஒளித்து வைத்தது
வேண்டாம் என்று பதிவாகியிருந்தது.

அந்த நாட்களில்தான்
கன்னத்தில் வெள்ளைப் பிறை விழுந்த ஒரு சிறுமி
கொக்கிகளை ஒவ்வொன்றாய் விரலால் சுண்டியபடி போனாள்.
கடைசிக் கொக்கிவரை.
நான் அப்போது சலவைத்தூள் வரிசையில் இருந்தேன்.
இருந்தேன் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன்.

ஜூன் பாதியில் லமான்ட் வந்தார்.
பலகைகளை நகர்த்தி எடுத்துக் கொடுத்தேன்,
பெட்டிமேல் படிந்த தூசியை முழங்கையால் துடைத்து.
எல்லாம் சொன்னேன், சிறுமி உட்பட.
அவர் பெட்டியின் பிளாஸ்டிக் சன்னலோடு
தன் மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்தார்.
எது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தார்.
"இவளுக்கு இன்னும் கழுத்துக்கு ஏறவில்லை" என்று
காலர் பொத்தானைக் கழற்றி எனக்குக் காட்டினார்.
இருவரும் சிரித்தோம், கொஞ்சம்.

பிறகு ஒரு பீப். ரசீது.
கையிருப்பு: சுழியம்.
அன்று அந்தக் கொக்கியைக் காலியாகவே விட்டேன்.
விட்மர் இரண்டு முறை அந்தப் பக்கம் நடந்தார்.

கதவுவரை போன லமான்ட் திரும்பினார்.
பெட்டி அக்குளில் இருந்தது.
"அந்தப் பிள்ளை பஸ்ஸில் வந்தாளா, காரிலா?"
பார்க்கவில்லை என்றேன்.
இந்தத் தடவை அது உண்மை.