ஒன்று புள்ளி எட்டு

மணலில் முழங்கை ஊன்றிக் கிடக்கிறேன்.
சின்னப்பாலம், தென்கடல் பக்கம்.
மணி பத்தரை. வெயில் சரியில்லை,
ஆனாலும் படம் இன்றைக்கே போயாக வேண்டும்.

ஒரு முழத் தூரத்தில் ஈரச் சாக்கு.
வாய் பிதுங்கிய மரிக்கொழுந்துப் பாசி,
அதில் ஒட்டிக்கொண்டு வந்த நண்டுக்குஞ்சு.
லென்ஸை அகலத் திறந்தேன்:
ஒன்று புள்ளி எட்டு.
நண்டின் கண்காம்புவரை துல்லியம்.
பின்னால் எல்லாம் கரைந்துபோயிற்று,
வள்ளம், தீவு,
இடுப்பளவு நீரில் நடந்துவரும் நம்பம்மாள்
ஒரு மஞ்சள் தீற்றலாக.

கரையேறியவள்
விரலில் சுற்றிய துணிக்கீற்றை அவிழ்த்தபடி
திரையைக் குனிந்து பார்த்தாள்.
"இதுல நான் எங்க?"

தீற்றலைக் காட்டினேன்.
கூச்சமாக இருந்தது.
முன்னால், பின்னால், கவனம் என்று
என்னவோ உளறத் தொடங்கினேன்.

"தண்ணி கலங்கிருச்சுன்னா
கீழ எல்லாம் இப்பிடித்தான்.
கைக்கு எட்டுற பாசி மட்டும் பளிச்சுன்னு இருக்கும்.
அங்கிட்டு மங்கலா ஒண்ணு அசையும்.
திருக்கையா, இராக்கு மதினியா,
மேல நிக்கிற வனத்துறை போட்டு நெழலா?
மூச்சு முட்டுறதுக்குள்ள
அதப் பாக்க ஏது நேரம்?"

சொல்லிக்கொண்டே சாக்கைத் தூக்கி
இடுப்பில் வைத்து
என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.
நண்டு உதிர்ந்து ஓடியது.

சட்டத்துக்குள்
சாக்கு இருந்த ஈரவட்டம் மட்டும் தெளிவாக.
வளையத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தூரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு
நீருக்கு மேலே வந்து
மூச்சு வாங்கியது.

இராக்கு மதினியாக இருக்கலாம்.