நான்கு பேருக்குப் போட்ட கணக்கு

புதன்கிழமையே போட்டுவிட்டேன்,
உரக்கடைப் பில்லின் முதுகில்:
மதகுக்கு அடியில் தூங்குகிற பூதம் ஒன்று, உயிர் தொண்ணூறு.
எலும்பு வீரர்கள் ஆறு பேர், ஆளுக்குப் பதினொன்று.
மூன்றாம் சுற்றில் இவர்களுக்கு வியர்க்க வேண்டும்.
ஐந்தாவதில் ஒருவராவது விழ வேண்டும்.
ஆறாவதில், கடைசி அடியில், ஜெயிக்க வேண்டும்.
அழித்து அழித்துப் போட்டதில்
பொட்டாஷ் இருப்பு நான்கு மூட்டை இடித்து
முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை ராத்திரி வந்தவர்கள் மூன்று பேர்.

அருள்தாஸ் நீடாமங்கலம் கேட்டுக்கு அந்தப் பக்கம்.
"சரக்கு வண்டிக்கு எஞ்சின் மாத்துறாங்க.
நாப்பத்திரெண்டு பெட்டி. எண்ணிட்டேன்.
நீங்க ஆரம்பிங்க."
எங்கள் கூட்டத்தில் காயத்தைக் கைவைத்து மூடத் தெரிந்த ஒரே ஆள்
பைக்கை அணைத்துவிட்டு
உப்புக்கடலை தின்றுகொண்டிருக்கிறான்.

கடை மாடி. யூரியா மூட்டைமேல் வரைபடம்.
எலும்பு வீரர்களுக்குப் புளியங்கொட்டை,
பூதத்துக்கு பம்புசெட் நட்டு.
செண்பகவடிவு ஆஸ்பத்திரியில் பகலெல்லாம் கட்டுப் போடுகிறவள்,
இங்கே கோடாலிக்காரி.
இம்தியாஸ் செல்போன் டிஸ்பிளே ஒட்டுகிற விரலால்
தீ எறிவான்.
குழந்தைவேலு அறுவடை மெஷின் ஓட்டுகிறவன்.
கோரையாற்றில் தண்ணீர் வந்து ஒன்பது நாள்,
மெஷினுக்கு வேலையில்லை.
விளையாட்டில் அவன் சத்தமே இல்லாமல் நடக்கிற திருடன்.

முதல் சுற்றிலேயே இம்தியாஸுக்குப் பாதி உயிர் போனது.
டெய்லி காலண்டர் அட்டைக்குப் பின்னால்
பகடையில் பத்தொன்பது விழுந்தது.
"ஏழு" என்றேன். "படலை."
இரண்டு புளியங்கொட்டை என் உள்ளங்கைக்குள் போயின.
தொண்ணூறு எழுபதானது.
எழுபது, யாரும் கேட்காமலே, ஐம்பத்தைந்து.

"தையு, பூதம் ஏன்டி இளைச்சுப்போச்சு?"
செண்பகவடிவு நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.
"நீ பொய் சொல்றப்ப
பகடைய ரெண்டாந்தரம் பாக்குற.
அட்டைய எடு."

"எடுக்கட்டும்" என்றான் குழந்தைவேலு.
"போன தையில அறுக்க எறங்குன அன்னிக்கு
என் லெவல் பாத்துட்டா பெஞ்சுது?"

இம்தியாஸ் சிரிக்கவில்லை.
"அதுக்குத்தானய்யா இங்க வரேன்.
ஒரு எடத்துலயாவது
ஒருத்தங்க அளந்து விடட்டுமே."

இரண்டு பக்கமும் பார்த்தேன்.
மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை உறுமியது.
அட்டையை எடுத்தேன்.
கொட்டையில் ஒன்றைத் திருப்பி வைத்தேன்.
இன்னொன்று இன்னும் என் கைக்குள்தான் இருந்தது,
வியர்வையில் வழுக்கிக்கொண்டு.

எல்லாரும் பார்க்க உருட்டினேன்.
இருபது.

செண்பகவடிவு தன் தாளைக் குப்புறக் கவிழ்த்தாள்.
யாரும் பேசவில்லை.
என் கணக்கில் ஐந்தாம் சுற்றில் விழவேண்டிய ஆள்
இரண்டாவதிலேயே விழுந்துவிட்டாள்.
சாகக் கிடப்பவளுக்கு மூன்று உருட்டு.
அவளே உருட்டினாள்.
நான்கு.
அடுத்தது இரண்டு.
"ஆஸ்பத்திரியில இப்படி ஒரு கேஸ் வந்தா
தஞ்சாவூருக்கு எழுதிடுவோம்" என்றாள்.
அதற்கு மட்டும் கொஞ்சம் சிரித்தோம்.

அப்போது தூரத்தில் எஞ்சின் ஊதியது.
பிறகு கேட்டுத் திறந்த இரைச்சல்,
ஐம்பது வண்டி ஒரே மூச்சில்.
பிறகு கீழே, ஷட்டருக்குப் பக்கத்தில்,
எங்களுக்குத் தெரிந்த ஒரு சைலன்சர்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு சுற்று என்றால் ஆறு விநாடி.
போன வருஷம் சட்டம் போட்டவள் நான்தான்.
மாடிப்படி பதினாறு.
அருள்தாஸுக்கு இடது முட்டி வலி.

மூன்றாவது உருட்டுக்கான பகடையை
அவளிடமிருந்து வாங்கி,
"நல்லா குலுக்கித் தரேன்" என்றேன்.
குலுக்கினேன்.
முதல் படியில் செருப்புச் சத்தம்.
குலுக்கிக்கொண்டே இருந்தேன்.