கொக்கி எண் 318

நெடுஞ்சாலையில் எங்கள் ஊருக்கு அடையாளம் ஒரு மண்வாரி.
நாற்பத்திரண்டு அடி உயரம்.
உலகிலேயே பெரியது என்று எழுதிவைத்திருந்தோம்.
பக்கத்து மாநிலத்தில் எவனோ
நாற்பத்தைந்து அடியில் ஒன்றை நட்டுவிட்டான்.
இப்போது 'உலகிலேயே'வுக்கு முன்னால்
'ஏறக்குறைய' நிற்கிறது,
வேறொரு நீலத்தில், கொஞ்சம் சாய்வாக.

காரை நிறுத்துகிறார்கள்.
குழந்தையை அதன் அலகில் உட்காரவைத்துப் படம் எடுக்கிறார்கள்.
பிறகு கழிப்பறை எங்கே என்று கேட்டு உள்ளே வருகிறார்கள்.
மூன்று அறைகளைக் கடந்தால்தான் கழிப்பறை.
அந்த ஏற்பாடு என்னுடையது.

முதல் அறையில் இரட்டைத் தலைக் கன்று.
இரண்டாவது தலை பிளாஸ்டர்,
தட்டிப் பார்த்தால் தெரியும், தட்டக் கூடாது.
அடுத்ததில் டாக்டர் ட்ரெகியர் பிடுங்கிய பற்கள்,
ஊறுகாய் ஜாடியில், கழுத்துவரை.
நாலு இருபதில் நின்ற கடிகாரத்தின் முன்
சிலர் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.
சுரங்கம் சரிந்த நேரம் அதுதான்.
கடிகாரம் மட்டும் ஒருநாளும் ஓடியதில்லை;
நகைக்கடைக்காரர் கொடுத்தது, முள்ளை நான் திருப்பிவைத்தேன்.

மூன்றாவது அறையில் மட்டும் நான் எதையும் தொட்டதில்லை.
ஒரு பலகை. நானூறு கொக்கி.
இறங்கும்போது பித்தளை வில்லையை எடுத்துப் போவார்கள்,
ஏறியதும் மாட்டுவார்கள்.
கொக்கி காலியென்றால் ஆள் கீழே.
ஐம்பத்தெட்டு நவம்பரில் பதினோரு கொக்கி காலி.
பத்துப் பேரை எடுத்தார்கள்.
பதினோராவது ரெய்னோ கங்கஸ், எண் 318.
அவன் பெட்டிக்குள் அவன் சாப்பாட்டு வாளியை வைத்துப் புதைத்தார்கள்.
மனைவி ஹில்மாவுக்கு மாதம் நாற்பது டாலர்.
மூன்று பெண்களை அதில் வளர்த்தாள்.
நவம்பர் விருந்தில் இன்றும் பெயர்களை வாசிக்கிறோம்,
அவன் பெயர் வரும்போது விளக்கை அணைக்கிறோம்.

போன மாதம் ஓரிகனிலிருந்து ஒரு சின்ன உறை.
'என் அப்பா மார்ச்சில் காலமானார்.
தொண்ணூற்றொரு வயது.
மீன் தொழிற்சாலையில் வேலை பார்த்தார்.
இது அவர் சாவிக்கொத்தில் இருந்தது.
உங்கள் ஊர்ப் பெயர் போட்டிருக்கிறது, அதனால் அனுப்புகிறேன்.'
அப்பாவின் பெயர் ரே கேனன்.
இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.
ரே கேனன். ரெய்னோ கங்கஸ்.
அன்று காலை வில்லையை எடுத்திருக்கிறான்.
கூண்டில் ஏறவில்லை.
பேருந்தில் ஏறியிருக்கிறான்.

மூன்று வாரம் கல்லாப்பெட்டிக்கு அடியில் கிடந்தது.
விற்கவா, ஏரியில் எறியவா,
ஓரிகன்காரிக்கு என்ன எழுத,
உனக்கு இங்கே மூன்று அக்கா என்றா?
கடைசியில் ஒரு வெள்ளி இரவு
கடையடைத்த பிறகு கொண்டுபோய் மாட்டினேன்.
வேறு எங்கே வைப்பது?
அது அந்தக் கொக்கியின் வில்லை.

சனிக்கிழமை தூசி தட்ட வருபவள் லெம்பி.
ஹில்மாவின் கடைசி மகள்.
வங்கியில் முப்பது வருஷம் கணக்குப் பார்த்தவள்.
இதை நான் யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

பத்தரை மணிக்கு ஒரு பையன், காலை இடுக்கிக்கொண்டு ஓடிவந்தவன்,
பலகைக்கு முன்னால் நின்றுவிட்டான்.
'இது ஒண்ணு மட்டும் ஏன் மின்னுது?'
மற்றதெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன.
இது அறுபத்துச் சொச்ச வருஷம்
ஒருவன் கால்சட்டைப் பையில் உரசிய பளபளப்பு.

லெம்பி திரும்பிப் பார்த்தாள்.
காலிக் கொக்கிகளை அவள் உதடு எண்ணியது.
பத்து.
மறுபடி எண்ணினாள்.

பித்தளைக்குப் போடும் பாலிஷ் இருக்கிறதா என்று கேட்டாள்.
எடுத்துக் கொடுத்தேன்.
முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு
எண் 1-ஐக் கழற்றி மடியில் வைத்துத்
தேய்க்கத் தொடங்கினாள்.

பையன் இன்னும் நின்றான்.
'வலப்பக்கம்' என்றேன், 'கடைசிக் கதவு.'

மூடும் நேரத்துக்கு நாற்பத்தாறு முடிந்திருந்தது.