ஒன்று தசம் எட்டு நாலு

கறையான் லேபிளைத் தின்றுவிட்டது.
போத்தலைத் தின்ன அதற்குப் பல் இல்லை.
இரசாயன அலுமாரியின் கீழ்த்தட்டில்
நிறமில்லாமல், பெயரில்லாமல்,
தோள்வரை நிரம்பி
ஏதோ ஒன்று இருந்தது.

உயர்தரத்தில் இரசாயனவியல் நாங்கள் மூன்று பேர்தான்.
சேர் மாற்றலாகி மன்னாருக்குப் போய் நாலு மாதம்.
முத்தையன்கட்டுக்கு வருகிறேன் என்று
இன்னும் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

‘மணந்து பாக்கட்டே?’ என்றான் டனுசன்.
‘பாரன். நாளைக்கு மணக்க மூக்கு இராது’
என்றாள் கவிவதனா.

அவளுடைய அம்மா மாங்குளம் பக்கம்
மிதிவெடி எடுக்கிற வேலைக்குப் போகிறவ.
வெயிலில் முழந்தாளிட்டு
நிலத்தைச் சாண் சாணாகச் சுரண்டிச் சம்பளம் எடுக்கிறவ.
கவிவதனா அதைப் பற்றிக் கதைப்பதில்லை.
பையிலிருந்து சிவப்பு நூற்கட்டை எடுத்தாள்,
நாலு கதிரைகளை இழுத்தாள்,
அலுமாரியைச் சுற்றிக் கட்டினாள்.

திறக்கக்கூடாது. மணக்கக்கூடாது. தொட்டு நாக்கில் வைக்கக்கூடாது.
பிறகு எதைக் கேட்பது அதனிடம்?

இடத்தை அடைப்பதும் திணிவு உடையதும் சடப்பொருள்:
தரம் ஆறில் பாடமாக்கி மறந்த வரி.
பெயர் போனாலும்
அந்த இரண்டும் போகவில்லை.

மேல்தட்டில் அதே கொம்பனியின் வெறும்போத்தல் ஒன்று.
கழுவித் துடைத்து நிறுத்தேன்: நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
டனுசன் அண்ணனின் ஹெல்மெட்டைப் போட்டு
கண்ணாடியை இறக்கிவிட்டு
றப்பர் கையுறைக்குள் வியர்த்தபடி
பெயரில்லாததைப் பேசினுக்குள் வைத்து
குழந்தையை எடுப்பதுபோல் கொண்டுவந்தான்.
உள்ளே அது எண்ணெய்போல ஆறுதலாகச் சாய்ந்தது.
முக்கோல் தராசு ஆடி நின்றது.
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.

வெறும்போத்தலில் அதே உயரத்துக்குக்
குழாய்த்தண்ணீர் நிரப்பினோம்.
எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

கண்ணாடியைக் கழித்தால்
தண்ணீர் நானூற்றெண்பது,
அது எண்ணூற்றெண்பத்து மூன்று.
வகுத்தேன். திரும்பவும் வகுத்தேன்.
ஒன்று தசம் எட்டு நாலு.

மேசையில் இரண்டும் பக்கத்தில் நின்றன.
கண்ணுக்கு இரண்டும் தண்ணீர்.
ஆவணி வெயிலில் சைக்கிள் மிதித்து வந்தவனுக்கு
இரண்டும் தாகம்.

‘செறிந்த சல்பூரிக் அமிலம்’ என்று
கொப்பித்தாளில் எழுதத் தொடங்கினேன்.
கவிவதனா பேனையைப் பிடித்தாள்:
‘இருக்கலாம் எண்டு போடு.
போத்தலுக்குப் போத்தல் கண்ணாடி பத்துக் கிராம் கூடிக் குறையும்.’
போட்டேன். இருக்கலாம்.
அடியில்: இதற்குள் தண்ணீர் விடவேண்டாம்.
அதற்கும் அடியில் திகதி, மூன்று பேரின் கையெழுத்து.

டனுசன் மண்டையோடு கீறினான்.
பல்லெல்லாம் எண்ணிக் கீறினான்.
‘பாத்துக் கீறினியோ?’
‘பாக்காமலே வரும்.
நேசரிக்குப் போற வழி முழுக்க
இதுதானே தொங்கினது.’

அதிபருக்கு எழுதிய கடிதம் மேசையில் காய்ந்துகொண்டிருக்க
வெண்கட்டி கேட்டு வந்தான்
தரம் ஆறுப் பொடியன் ஒருவன்.
உள்ளே ஓடி வந்தவன்
சிவப்பு நூலைக் கண்டதும்
ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான்.

நாங்கள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

தூக்கிய காலை
வந்த தடத்திலேயே திரும்ப வைத்து
வெளியே போனான்.
வெண்கட்டியை ஜன்னலால்தான் கொடுத்தோம்.