கம்பளிக் கருப்பை

வகுப்பின் முதல் நாள்
கம்பளி நூலில் பின்னிய கருப்பையைத்
தலைகீழாகப் பிடித்துக் காட்டினேன்.
சாம்பல் நிறம். என் கைவேலை. ஒரு பக்கம் கோணல்.
"குல்லாய் மாதிரி இருக்கே" என்றான் ஃபெஸ்ஸஹாயே.
குல்லாய்தான். உள்ளே ஒரு தலை இருக்கிறது.
கழுத்துப் பட்டை தளரத் தளரப்
பொம்மை இறங்குவதை
இமைக்காமல் பார்த்தாள் வின்தா.
ஏழு மாதம். பேக்கரியில் இரவு வேலை.
நகக்கண்ணில் இன்னும் மாவு.

வலி தாங்க நான் சொல்லித் தரவில்லை.
எரித்ரேயாவிலிருந்து
பாலையும் கடலும் கடந்து வந்தவளுக்கு
அதில் நான் என்ன சொல்ல?
சொல்லித் தந்தது ஒரு கேள்வி.
ஸ்வீடிஷில் மூன்றே சொல்:
நாம் காத்திருக்கலாமா?
பத்து முறை சொல்ல வைத்தேன்.
பத்து முறையும்
மன்னிப்புக் கேட்பதுபோலவே கேட்டாள்.

ஜனவரி. கோதன்பர்க் முழுக்கப் பனி.
பனிக்குடம் உடைந்தது
டிராம் ஓடாத நாலு மணிக்கு.

பிரசவ அறையில் மருத்துவச்சி இல்வா.
நல்லவள். கண் மட்டும் கடிகாரத்தில்.
"நாலு சென்டிமீட்டர்" என்றாள்.
"இரண்டு விரல்" என்றேன் வின்தாவிடம்.
தன் விரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

நான் டாக்டர் இல்லை. ஊசி தொடக் கூடாது.
அவளுக்காக வேண்டாம் என்று சொல்லவும் கூடாது.
இடுப்பில் இரண்டு உள்ளங்கை,
காதோரம் கொஞ்சம் திக்ரிஞா,
அவ்வளவுதான் நான்.

பத்து மணிக்கு இல்வா சொன்னாள்:
வலி மந்தம். சொட்டு மருந்து ஏற்றலாம்.
சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன்.
நுனி நாக்கில் என் சொந்தக் கருத்து ஒன்று இருந்தது.
கடித்துக்கொண்டேன்.
வின்தா என்னைப் பார்த்தாள்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
இந்த வேலையில் ஆகக் கடினம்
அப்படி ஜன்னலைப் பார்ப்பது.

"பிள்ளை எப்படி இருக்கிறது?" என்றாள் முதலில்.
நான் சொல்லித் தராத கேள்வி.
நன்றாக இருக்கிறது.
"அப்படியென்றால், நாம் காத்திருக்கலாமா?"
மன்னிப்பு இல்லை குரலில்.
இல்வா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
"ஒரு மணி நேரம்."

நடந்தோம். தாழ்வாரத்தில் பதினேழு கதவு.
பதினோராம் கதவருகே
என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை.

ஒரு மணி நேரம் போயிற்று. இரண்டே விரல்தான்.
"சரி, ஏற்றுங்கள்" என்றாள்.
மறுநாள் கெரெனில் இருக்கும் அம்மாவிடம் போனில்
மருந்து போட்டார்கள் என்று சொல்லவில்லை அவள்.
போட்டுக்கொண்டேன் என்றாள்.

மாலை ஐந்து பத்து. பெண்.
எங்கள் ஊர் வழக்கம்
ஆணுக்கு ஏழு குலவை, பெண்ணுக்கு மூன்று.
நான் எண்ணவில்லை.
இல்வாவின் பேனா கீழே விழுந்தது.

டிராமில் கையுறை கழற்றினேன்.
மணிக்கட்டில் நாலு நகப் பிறை.
மடியில் பை. பையில் கருப்பை.
எத்தனை தலை இறங்கிவிட்டது அதில்,
கழுத்து தொளதொளத்துப் போயிற்று.
வியாழக்கிழமை வகுப்புக்குள்
ஒரு வரிசை இறுக்கிப் பின்ன வேண்டும்.