ஒன்றரை நிமிடச் சிவப்பு

சாவியைத் திருப்பியதும்
என் வேகன் ஆர் பெண்குரலில் ஏதோ சொல்லும்.
நகோயாவில் யாரோ ஓட்டிக் களைத்த கார்.
அம்பாந்தோட்டையில் கப்பலால் இறங்கியபோதும்
அதையேதான் சொல்லியிருக்கும்.
ஏழு வருடமாக அதைக் காலை வணக்கம் என்று
எடுத்துக்கொண்டேன்.

எனக்கு யப்பான் மொழியில் பதினொரு சொல் தெரியும்.
கண்ணீர். நாளை. வானம். கனவு.
போகாதே. இன்னுமொரு தடவை.
எல்லாம் ஆரம்பப் பாட்டுகளில் பொறுக்கியவை.
இவற்றை வைத்து அங்கே ஒரு தேத்தண்ணி வாங்க ஏலாது.
செத்துப்போகலாம், அழகாக, மழைக்குள்.

எண்ணூறு அத்தியாயம், இருபத்து மூன்று ஆரம்பப் பாட்டு.
கதாநாயகனுக்கு இன்னும் பதினேழு வயது.
எனக்கு மூன்றாம் பாட்டில் மீசை.
எட்டாவதில் உயர்தரம்: ஒரு சி, ஒரு எஸ், ஒரு எஃப்.
பன்னிரண்டாம் பாட்டு அவ்வளவு சரியில்லை,
அந்த வருடமும்.
பத்தொன்பதாவது, பெற்றோல் வரிசை.
கொட்டாஞ்சேனையிலிருந்து ஆமர் வீதி மட்டும் வளைந்த வால்.
இரண்டு இரவு காருக்குள் படுத்து
போனில் நாலு வீதம் மிஞ்சும்வரை பார்த்தேன்.
மற்றவர்கள் ஆரம்பத்தைத் தள்ளிவிட்டுப் பார்ப்பார்கள்.
பாட்டில்லாமல் சண்டைக்குள் போவது எனக்கு
கை கழுவாமல் சோற்றில் கை வைப்பது மாதிரி.

பொரளைச் சந்தியில் சிவப்பு விழுந்தால்
சரியாக ஒன்றரை நிமிடம்.
கித்தார் தொடங்க பிரேக்,
கடைசி மேளத்துக்குப் பச்சை.
இதை யாருக்கும் சொன்னதில்லை.

பிறகு, சொல் இல்லாத அந்த மற்ற இசை.
யாரும் சாக நாலு செக்கன் முன்னால்
ஒற்றைப் பியானோ, ஐந்தே ஐந்து சுரம்.
புதிதாய் ஒன்று போடக் காசில்லையோ என்னவோ
நூறு சாவுக்கும் அதுதான்.
இப்போது முதல் சுரத்திலேயே தொண்டை அடைக்கும்,
சாகிறவன் எனக்குப் பிடிக்காதவன் என்றாலும்.

நேற்றிரவு பதினொன்றே கால்,
பெரியாஸ்பத்திரி வாசலில் ஒரு ஹயர்.
இமல்ஷா, இரத்மலானைக்கு.
பின்சீட்டில் பிளாஸ்டிக் கூடை, ஃபிளாஸ்க், மடித்த போர்வை.
ஏன் என்று கேட்கக் கூடாத சாமான்கள்.
போனில் பாட்டுகள் தம்பாட்டில் மாறிக்கொண்டிருந்தன.
பம்பலப்பிட்டியில் அந்தப் பியானோ.
நிறுத்தக் கை போனது.
"எபா அய்யே" என்றாள்.
நிறுத்தவில்லை.
ஐந்து சுரமும் கேட்டோம். வலப்பக்கம் கடலோரமாய்
ஒரு வெறும் ரெயில் போய்க்கொண்டிருந்தது.

அடுத்து எட்டாம் பாட்டு தானாக விழுந்தது.
அவள் பாடினாள், மெல்ல, முழுக்க.
நான் இடித்துப் பாடும் இடமெல்லாம் அவள் வழுக்கிப் போனாள்.
என் கொப்பியில் தமிழில் எழுதி வைத்த பாட்டு.
நமக்கு ஒரே ககரம், அதற்கு இரண்டு மூன்று வேலை.
அவள் எழுத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஆள் இருக்கிறது.
பத்து வருடம்
பிழையான உச்சரிப்பில் அழுதிருக்கிறேன்.

அவள் வாசலில் எஞ்சின் நின்றது. மறுபடி திருப்ப
காருக்குள் இருப்பவள் தன் வசனத்தைச் சொன்னாள்.
இமல்ஷா சிரித்துவிட்டாள்,
வீங்கிய முகத்தோடு.
களனியில் யப்பான் மொழி படித்தவளாம்.
"அட்டை செருகப்படவில்லை என்கிறது.
நெடுஞ்சாலைக் காசுக்கு."

வணக்கம் இல்லை.

"பாட்டுக்கும் அர்த்தம் சொல்லவா?"
கூடையைத் தூக்கியபடி கேட்டாள்.
இருபது ரூபாய்க் குத்தி ஒன்று
சீட்டுக்கடியில் விழுந்திருந்தது.
குனிந்து அதைத் தேடினேன்.
வெகுநேரம் தேடினேன்.
நிமிர்ந்தபோது கேற் சாத்தியிருந்தது.

இன்று காலை சாவியைத் திருப்பினேன்.
அவள் சொன்னாள்.
"இல்லையம்மா, என்னட்ட இல்லை" என்றேன்.

பொரளையில் சிவப்பை
எண்பது செக்கனாகக் குறைத்திருக்கிறார்கள்.
பச்சை விழுந்து, பின்னால் பஸ் ஹோர்ன் அடித்து,
பொலிஸ்காரர் கையைக் காட்டியும்
கடைசி மேளம் வரும்வரை நின்றேன்.